சாம்பலும் நுரையும் கலந்த கல் ஏன் அமுங்குகிறது?

கேள்வி: ஐயா, மேட்டூர் பக்கம் ஃப்ளை ஆஷ் செங்கல் யூனிட் நடத்துகிறோம். போன வருடக் கடைசியில் நுரை இயந்திரம் வாங்கி சி.எல்.சி. பிளாக்கும் (நுரை கலந்த எடை குறைந்த கல்) போட ஆரம்பித்தோம். ஒரு கன மீட்டருக்கு பி.பி.சி. (சாம்பல் கலந்து வரும்) சிமெண்ட் 160 கிலோ, அனல் மின் நிலையச் சாம்பல் 380 கிலோ. நுரை கலந்தபின் ஒரு லிட்டர் கலவை 800 கிராம் இருக்கும்படி பார்த்து ஊற்றுகிறோம். 600×200×200 மி.மீ. கல் காய்ந்தபின் 14 கிலோ நிற்கிறது. சில நாள் நன்றாக வருகிறது. சில நாள் சாயங்காலம் ஊற்றிய அச்சு காலையில் இரண்டு செ.மீ. இறங்கிக் கிடக்கிறது, அன்றைக்குச் சாம்பலும் கொஞ்சம் கறுப்பாக இருந்ததாக ஆட்கள் சொல்கிறார்கள். 800 கிரேடு கேட்ட பில்டர் ஒருவர் டெஸ்டுக்குக் கொடுத்ததில் சதுர மி.மீ.க்கு 1.2 நியூட்டன்தான் வந்தது. இயந்திரம் விற்றவர் பெரிய மெஷினுக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா? சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக ஜி.ஜி.பி.எஸ். (ஊது உலைக் கசடுப் பொடி) போடலாமா? கொதிகலனின் அடியில் விழும் அடிச்சாம்பலையும் சேர்க்கலாமா? யார்டில் 1,800 கல் நிற்கிறது. அதை என்ன செய்வது?
– வாசகர், சேலம் மாவட்டம்

பதில்:

பெரிய மெஷின் வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் இயந்திரத்தில் குறை தெரியவில்லை. கணக்கில் ஒரு தவறு இருக்கிறது, சாம்பலில் ஒரு பிரச்சினை இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் கல்லைக் கெடுக்கின்றன.

முதலில் கணக்கு. உங்கள் கல்லின் கன அளவு 0.024 கன மீட்டர். 14 கிலோவை அதனால் வகுத்தால் கன மீட்டருக்கு 583 கிலோ வருகிறது. நீங்கள் 800 கிரேடு என்று விற்ற கல் உண்மையில் 580 கிலோ கல். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2185 பகுதி 4 சொல்லும் 800, 1000 எல்லாம் காய்ந்த கல்லின் அடர்த்தி. நீங்கள் லிட்டருக்கு 800 கிராம் என்று பார்ப்பது ஈரக் கலவையின் அடர்த்தி. ஊற்றும்போது உள்ளே இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி பிறகு வெளியேறிவிடும். சிமெண்டோடு வேதியியலாகச் சேர்ந்து கல்லில் தங்குவது, சிமெண்ட் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். காய்ந்த அடர்த்தியை மதிப்பிட, சிமெண்ட் எடை, சாம்பல் எடை, சிமெண்டில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிய மூன்றையும் கூட்டுங்கள். உங்கள் கலவைக்கு 160 + 380 + 32 = 572. தராசு காட்டிய 583க்கு எவ்வளவு அருகில் வருகிறது பாருங்கள்.

அந்த விதியில் 800 கிரேடுக்குச் சராசரி வலிமை 2.5 நியூட்டன், 1000 கிரேடுக்கு 3.5 நியூட்டன். 580 கிலோ கல்லிடம் 2.5 எதிர்பார்க்க முடியாது. அதோடு நீங்கள் போடுவது பி.பி.சி. அதில் ஏற்கெனவே 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கும். அப்படியானால் உங்கள் 160 கிலோவில் சிமெண்டுக்கு வலுத் தரும் கிளிங்கர் 110 கிலோ அளவுக்குத்தான். மொத்தத் திடப் பொருள் 540 கிலோவில் இது ஐந்தில் ஒரு பங்கு. கல் 1.2 நியூட்டன் தாங்கியதே சாம்பல் ஓரளவு நல்ல சாம்பல் என்பதற்கு அடையாளம்.

800 கிரேடுக்கு நான் தொடங்கச் சொல்லும் கலவை இது. ஒரு கன மீட்டருக்கு ஓ.பி.சி. (சாம்பல் கலக்காத) 53 கிரேடு சிமெண்ட் 250 கிலோ, உலர் சாம்பல் 500 கிலோ, தண்ணீர் 315 லிட்டர், நுரை 380 லிட்டர். நுரை லிட்டருக்கு 50 கிராம் என்று வைத்தால் அதன் எடை 19 கிலோ. ஆக ஈர அடர்த்தி கன மீட்டருக்கு 1,085 கிலோ. காய்ந்த அடர்த்தி 800. அரை கன மீட்டர் மிக்சர் என்றால் இதில் பாதி: சிமெண்ட் இரண்டரை மூட்டை, சாம்பல் 250 கிலோ, தண்ணீர் 157 லிட்டர், நுரை 190 லிட்டர். உங்கள் அளவுக் கல் 20 கிடைக்கும். அச்சிலிருந்து எடுக்கும்போது கல் 26 கிலோ இருக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் 19 முதல் 21 கிலோ. இதற்குக் கீழே வந்த கல்லை 800 என்று சீட்டு எழுதக் கூடாது.

சிமெண்ட் கூடுகிறதே, செலவு ஏறுமே என்று தோன்றும். செலவு ஏறத்தான் செய்யும். ஆனால் திடப் பொருளில் மூன்றில் இரண்டு பங்கு இன்னமும் மின் நிலையக் கழிவுதான். சாம்பல் குளத்துக்குப் போக வேண்டியது சுவருக்குப் போகிறது. செங்கலுக்காக வயல் மண் எடுக்க வேண்டியதில்லை. சூளையும் எரிய வேண்டியதில்லை. இந்த நன்மை நிலைக்க வேண்டுமானால் கல் சுவரில் நிற்க வேண்டும். பத்து வருடத்தில் உதிர்ந்து மறுபடி கட்டப்படும் சுவரால் சூழலுக்கு எந்த லாபமும் கிடையாது.

இனி அமுங்கும் கதை. நுரைக் கலவையில் குமிழி உடைவதற்கு முன் சிமெண்ட் இறுகிவிட வேண்டும். குமிழியின் ஆயுள் குறைந்தாலும், சிமெண்ட் இறுகத் தாமதமானாலும் கலவை கீழே உட்காரும். உங்கள் யூனிட்டில் இரண்டுமே நடக்கிறது. பி.பி.சி., அதற்கு மேல் சாம்பல், அதற்கு மேல் சாயங்கால ஊற்று. மார்கழி, தை மாத இரவில் இந்தக் கலவை இறுகத் தொடங்கவே பல மணி நேரம் எடுக்கும். ஓ.பி.சி.க்கு மாறி, காலையில் ஊற்றி மதியத்துக்குள் முடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

மீதிப் பாதி அந்தக் கறுப்பு. உங்கள் ஆட்கள் கவனித்தது சரி. சாம்பலில் எரியாமல் தங்கிய கரித் துகள் நுரைத் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். குமிழியின் தோலே அந்தத் திரவம்தான். அதைக் கரி இழுத்துக்கொண்டால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடையும். சாம்பலுக்கான விதி ஐ.எஸ். 3812 பகுதி 1, எரிப்பிழப்பை (சாம்பலைச் சுட்டால் குறையும் எடை; பெரும்பாலும் கரி) 5 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. சாதாரண கான்கிரீட்டுக்கு அது போதும். நுரைக் கல்லுக்கு 2, 3 சதவீதத்துக்கு மேல் போனாலே எச்சரிக்கையாக இருங்கள். கொதிகலனை நிறுத்தி மறுபடி மூட்டும்போது முதலில் எண்ணெய் எரிப்பார்கள்; அந்த நேரத்துச் சாம்பலில் புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து வரும். மேட்டூரில் பழைய 210 மெகாவாட் அலகுகள் நான்கும் தனியாக ஒரு 600 மெகாவாட் அலகும் இருப்பதால், எந்த அலகின் சாம்பல் என்பதைப் பொறுத்தும் தன்மை மாறும். சாம்பல் ஏற்றிவரும் பல்க்கர் லாரி வரும்போது எந்த அலகில் ஏற்றியது, அந்த அலகு நின்று மூட்டப்பட்டதா என்று கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். குளத்துச் சாம்பலை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம்.

ஒவ்வொரு லோடையும் இறக்குவதற்கு முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் 20 கிராம் சாம்பல், 50 மி.லி. தண்ணீர் போட்டு ஒரு நிமிடம் குலுக்குங்கள். நீங்கள் இயந்திரத்தில் ஊற்றும் நுரைக் கரைசலை மேலும் பத்து மடங்கு தண்ணீரில் நீர்த்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, அரை மி.லி. விடுங்கள். 15 விநாடி குலுக்கி, மூடியைத் திறந்து மேற்பரப்பைப் பாருங்கள். குமிழிப் படலம் இடைவெளியின்றி 45 விநாடி நிற்கும்வரை அரை அரை மி.லி.யாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். எத்தனை மி.லி.யில் நின்றது என்பதுதான் அந்த லோடின் எண். கல் நன்றாக வந்த நாள் சாம்பலுக்கு முதலில் இந்த எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய லோடுக்கு அதில் ஒன்றரை மடங்கு வந்தால் கலவையில் நுரை கூடுதலாகத் தேவைப்படும். இரண்டு மடங்கைத் தாண்டினால் அந்த லோடைச் செங்கலுக்கு ஒதுக்கிவிடுங்கள். செங்கலில் நுரை இல்லாததால் அந்தக் கரி அங்கே இப்படிக் குமிழியைக் கெடுக்காது.

நுரையையும் எடை போட வேண்டும். 10 லிட்டர் வாளியை நுரையால் தலை தட்ட நிரப்பி, வாளி எடையைக் கழியுங்கள். 450 முதல் 550 கிராம் வரை சரி. 700 கிராமுக்கு மேல் என்றால் நுரை ஈரம். அதில் உள்ள தண்ணீர் சீக்கிரம் வடிந்து கலவையை நீர்க்கச் செய்யும். காற்றழுத்தம் குறைந்திருக்கிறதா, நுரைக் குழாயின் உள் நிரப்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். 350க்குக் கீழே என்றால் நுரை வறட்சி. கலவையோடு சேராமல் கட்டி கட்டியாக மிதக்கும். புரத வகைத் திரவத்துக்கு ஒன்றுக்கு நாற்பது தண்ணீர் பொதுவான அளவு. அந்தக் கணக்கில் ஒரு கன மீட்டர் கல்லுக்கு அரை லிட்டருக்கும் சற்றுக் குறைவான திரவமே செலவாகும். தயாரிப்பாளர் டப்பாவில் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். உங்கள் பகுதி போர்வெல் தண்ணீர் கடினம் என்றால் நுரைக் கரைசலுக்கு மட்டுமாவது மென்னீர் பயன்படுத்துங்கள். ஒரு கன மீட்டர் கல்லுக்கு 19 லிட்டர்தானே தேவை. கரைசல் டிரம்மை வெயிலில் வைக்காதீர்கள்.

நுரையின் கன அளவை நேரத்தால் அளக்கலாம். 60 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 20 விநாடி என்றால் 190 லிட்டருக்கு 63 விநாடி. தினமும் காலையில் ஒருமுறை இதைச் சரிபார்த்தால் போதும்.

கலக்கும் வரிசை: முதலில் தண்ணீர், அடுத்து சாம்பல், அப்புறம் சிமெண்ட். கட்டி உடைந்து தோசை மாவுப் பதம் வரும்வரை நான்கைந்து நிமிடம் ஓடட்டும். நுரை போடுவதற்கு முன் இங்கே ஓர் எடை எடுங்கள். பலரும் விட்டுவிடும் எடை இதுதான். 5 லிட்டர் எஃகுப் பாத்திரத்தில் இந்தச் சாந்து 8.5 முதல் 8.65 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் தண்ணீர் கூடிவிட்டது, அல்லது சாம்பல் ஈரமாக வந்திருக்கிறது. கூடினால் தண்ணீர் பற்றவில்லை. வறண்ட சாந்து நுரையிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் குமிழியை உடைக்கும். சாம்பலின் ஒப்படர்த்தி 2.2 (தண்ணீரைப்போல் 2.2 மடங்கு கனம்) என்று வைத்துப் போட்ட எண் இது. உங்கள் சாம்பல் சற்று வேறுபட்டால் எல்லாவற்றையும் சரியாக எடை போட்டுக் கலந்த நாளின் எண்ணையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நுரை. அது போன பின் ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்கு மேல் மிக்சரை ஓட்டக் கூடாது. வெள்ளைத் திட்டு மறைந்ததும் நிறுத்துங்கள். ஜல்லி கான்கிரீட் போடும் டிரம் மிக்சர் இதற்கு உதவாது. நுரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஆள் இன்னும் ஓட்டுவார், குமிழி உடையும். கிடைமட்டமாக மெதுவாகச் சுழலும் ரிப்பன் மிக்சர்தான் சரி. உடனே அதே 5 லிட்டர் பாத்திரத்தில் எடை: 5.4 கிலோ. 5.3 முதல் 5.55 வரை ஊற்றலாம். உதாரணமாக 5.65 கிலோ, அதாவது 1,130 அடர்த்தி வந்தால், அரை கன மீட்டர் கலவைக்கு இன்னும் 20 லிட்டர் நுரை போட்டு அரை நிமிடம் ஓட்டினால் சரியாகிவிடும். எடை குறைந்து வந்தால் உலர் சிமெண்டை மேலே கொட்டித் திருத்தப் பார்க்காதீர்கள். கட்டி கட்டியாகத்தான் சேரும். அந்தக் கலவையைத் தனி அச்சு வரிசையில் ஊற்றி அடையாளம் போட்டுவிட்டு, அடுத்த கலவையில் நுரையைக் குறையுங்கள்.

அச்சுக்குப் பழைய என்ஜின் ஆயில் பூசுகிறீர்களா என்று எழுதவில்லை. பெரும்பாலான யூனிட்டில் அதுதான் வழக்கம். எண்ணெய் நுரையின் எதிரி. கல்லின் பக்கவாட்டில் பொரிந்த மாதிரிக் குழிகள் இருந்தால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். தண்ணீரில் கரையும் மோல்டு ரிலீஸ் வாங்கி மெல்லியதாகத் துடைத்துவிடுங்கள். தண்ணீரைக் குறைக்க என்று பிளாஸ்டிசைசர் சேர்ப்பதானாலும் கவனம் வேண்டும்: பாலிகார்பாக்சிலேட் வகைகள் பலவற்றில் நுரை அடக்கி கலந்தே வரும். முதலில் ஒரு வாளிக் கலவையில் சோதித்துப் பாருங்கள். ஊற்றியபின் தட்டுவது, வைப்ரேட்டர் வைப்பது எதுவும் கூடாது. சாம்பல் மூட்டை பிரிப்பவருக்கு நல்ல முகமூடி கட்டாயம்; துணி கட்டினால் போதாது.

அச்சைக் கழற்ற 24 மணி நேரம் கொடுங்கள். முதல் நாள் தார்ப்பாய் அல்லது பாலித்தீன் மூடி, நேர் வெயில் படாமல் இருக்கட்டும். அதன்பின் 14 நாள் தொடர்ந்து ஈரம். சாம்பல், சிமெண்ட் வெளிவிடும் சுண்ணாம்போடு சேர்ந்து வலுவாவது மெதுவாக நடக்கும் வேலை; ஈரம் வற்றினால் அதோடு நின்றுபோகும். ஏழு நாளில் கியூரிங்கை நிறுத்துவது சிமெண்டைக் குறைத்ததற்குச் சமம். ஈரம் முடிந்ததும் இரண்டு வாரம் நிழலில் காற்றாட அடுக்கிக் காயவிட்டுத்தான் லாரியில் ஏற்ற வேண்டும்.

காயாத கல்லைக் கட்டினால் அது சுவரிலேயே சுருங்கும். ஜல்லி இல்லாததால் நுரைக் கல்லின் சுருக்கம் சாதாரண கான்கிரீட்டைவிட அதிகம். பூச்சில் விழும் படிக்கட்டு வெடிப்புக்குக் கொத்தனாரைத் திட்டுவார்கள், காரணம் யார்டில் இருக்கும். பில்டரிடம் இதையும் சொல்லி அனுப்புங்கள்: 1:6 சிமெண்ட், மணல் சாந்து போதும், 1:3 போட்டால் சாந்து கல்லைவிட வலுவாகிக் கல்லைக் கிழிக்கும். தூணும் சுவரும் சேருமிடத்தில் பூச்சுக்குள் கோழி வலை. பீமுக்கு அடியில் கடைசி வரிசையின் இடைவெளியைச் சுவர் காய்ந்த பிறகு அடைக்க வேண்டும். 800, 1000 கிரேடு கல் தூண்களுக்கு நடுவே அடைக்கும் சுவருக்கு மட்டும். பாரம் தாங்கும் சுவருக்கோ அடித்தளத்துக்கோ கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஜி.ஜி.பி.எஸ். போடலாம். ஊது உலைக் கசடை அரைத்த அந்தப் பொடி, சாம்பலைவிட வேகமாக வேலை செய்யும், அதற்கு ஐ.எஸ். 16714 சான்று கேட்டு வாங்குங்கள். 250 கிலோ ஓ.பி.சி.யில் 60 கிலோவை எடுத்துவிட்டு அதே அளவு ஜி.ஜி.பி.எஸ். போட்டுத் தொடங்குங்கள். 28 நாள் வலிமையில் இழப்பு தெரியாது. ஆனால் முதல் நாள் இறுக்கம் குறையும். கோடையில் பிரச்சினை இல்லை. குளிர் மாதத்தில் அச்சு கழற்ற 36 மணி நேரம் வரை போகலாம், அமுங்கும் அபாயமும் திரும்ப வரும். ஆகவே முதலில் மேலே சொன்ன கலவையை ஒரு மாதம் சீராகப் போடுங்கள், பிறகு கோடையில் இதைத் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது.

அடிச்சாம்பல் இந்தக் கல்லுக்கு வேண்டாம். அது மணல் மாதிரிப் பருமனான துகள். 800 கிரேடுக் கலவையில் அடியில் போய்ப் படியும், கல்லின் அடிப்பாகம் கனமாகவும் மேல் பாகம் பஞ்சாகவும் வரும். உங்கள் செங்கலில் எம்.சாண்ட் போடும் இடத்தில் கால் பங்குக்கு, 2.36 மி.மீ. சல்லடையில் சலித்து, முந்தின நாளே நனைத்து வைத்துப் பயன்படுத்துங்கள். நனைக்காவிட்டால் கலவைத் தண்ணீரை அது குடித்துவிடும்.

யார்டில் நிற்கும் 1,800 கல்லைச் சுவருக்கு விற்கக் கூடாது. அதற்காக உடைத்துக் கொட்டவும் வேண்டாம். 580 கிலோ அடர்த்திக் கல் நல்ல வெப்பத் தடுப்பு. அதைக் கிடைமட்டமாக அறுத்து 100 மி.மீ. கனப் பலகையாக்கினால் 430 சதுர மீட்டர், அதாவது 4,600 சதுர அடி மொட்டை மாடிக்கு வரும். நீர்த்தடுப்பு பூசிய கூரைத் தளத்தின் மேல் அடுக்கி, அதற்கு மேல் 50 மி.மீ. சாந்துத் தளத்தை நூறுக்கு ஒன்று வாட்டத்தில் போட்டுத் தட்டோடு பதிக்கலாம். கல்லின் பாரம் சதுர மீட்டருக்கு 58 கிலோதான். அதே கனத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடும் சுருக்கித் தளம் ஏறக்குறைய மூன்று மடங்கு வரும். நீர்த்தடுப்பு இல்லாத தளத்தில் மட்டும் போட வேண்டாம், ஒருமுறை உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. விற்கும்போது சீட்டில் "சுவருக்கு அல்ல, கூரை வெப்பத் தடுப்புக்கு மட்டும்" என்று எழுதி, 1.2 நியூட்டன் அறிக்கையின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தப் பில்டர் ஏற்கெனவே சுவரில் வைத்துவிட்ட கல் இருந்தால், அந்தச் சுவரில் கனமான அலமாரி, தண்ணீர் ஹீட்டர் மாட்ட வேண்டாம் என்று இன்றே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.